அன்னக்கொடி தொடாத இனிப்பு

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் விற்பவர்கள் பெரும்பாலும் தொண்டை கிழியக் கூவித்தான் விற்பார்கள். அன்னக்கொடி கூவமாட்டாள். கடை முன்னால் யாராவது ஒரு நொடி தயங்கி நின்றால் போதும். டப்பாவைத் திறந்து, மரக்கரண்டியால் அவர்கள் உள்ளங்கையில் ஒரு துளி வைப்பாள். அதே சூட்டோடு தன் உள்ளங்கையிலும் ஒரு துளி.

"நானும் சாப்பிடுறேன்ல? தைரியமா சாப்பிடுங்க" என்று அவர்கள் கண்ணெதிரிலேயே நக்கிக்கொள்வாள். கடைக்காரியே சாப்பிட்டுக் காட்டிய பிறகு வாங்காமல் நகர யாருக்கு மனசு வரும்? அவள் அப்பா நடத்திய காலத்திலிருந்து அந்தக் கடையின் வழக்கம் அது. பக்கத்துக் கடைக்காரர்கள் மைக் செட் வைத்துப் பார்த்தார்கள், பொம்மை வைத்துப் பார்த்தார்கள். அன்னக்கொடியின் உள்ளங்கைக்கு முன்னால் எதுவும் எடுபடவில்லை.

இது போக, காலையில் பஞ்சாமிர்தம் பிசையும்போது தனிக் கதை. மலை வாழைப்பழம் தினம் ஒரே மாதிரி வராது. ஒருநாள் புளிப்பு தூக்கலாக இருக்கும், ஒருநாள் கனிந்து கொழகொழத்திருக்கும். பழத்துக்குத் தக்கபடிதான் சர்க்கரையும் நெய்யும் கூட்டிக் குறைக்க வேண்டும். முதல் கரண்டி எடுத்துச் சுவரில் இருக்கும் முருகன் படத்துக்கு வைத்துக் கற்பூரம் காட்டுவாள். அடுத்தது அவள் நாக்குக்கு. சர்க்கரைக்கு ஒரு தடவை, நெய்க்கு ஒரு தடவை, சந்தேகத்துக்கு ஒரு தடவை.

இத்தனைக்கும் அன்னக்கொடிக்குச் சர்க்கரை வியாதி. வந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. வந்த அன்றைக்கே இனிப்பைத் தொடுவதில்லை என்று முருகன் படத்தின் முன்னால் சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தாள். சொன்ன சொல்லை மீறுகிறவள் அல்ல அவள். காப்பிக்குச் சர்க்கரை கிடையாது. தீபாவளி அதிரசம் கிடையாது. கல்யாணப் பந்தியில் பாயசம் கொண்டு வருகிறவன் பக்கத்து இலையில் இருக்கும்போதே தன் இலைக்குக் குறுக்கே கையை வைத்து மறித்துவிடுவாள். அவள் வைராக்கியத்தைப் பற்றிச் சொந்தபந்தம் முழுவதும் பேச்சு. அவளும் அதை மறுக்கவில்லை, கொஞ்சம் பெருமையாகவே தலையாட்டிக்கொள்வாள்.

பயம் என்று ஒன்று அவளுக்கு இருந்தால் அது நெஞ்சைப் பற்றியதுதான். அவள் அப்பா ஒரு பங்குனி உத்திரத்துக் கூட்டத்தில், கல்லாவில் உட்கார்ந்திருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். அவருக்குப் பின் கடையைப் பார்த்த அண்ணன் சிவமுருகனுக்கு நெஞ்சு வலித்தபோது டாக்டர்கள் இருதயத்து ரத்தக் குழாய்களைப் பார்த்துவிட்டு, மூணும் அடைச்சுப் போச்சு, நெஞ்சைத் திறந்துதான் ஆகணும் என்றார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அந்த நாள் வருவதற்குள் அண்ணன் போய்விட்டான். அன்றிலிருந்து 'மூணும்' என்ற அந்த ஒரு சொல் அவளுக்கு எமனின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. எங்க வம்சத்துக்கே நெஞ்சு ஆகாது என்று சொல்லிக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் இருதயப் பரிசோதனைக்குப் போகமாட்டாள். அங்கே போய் என்ன தெரிந்துகொள்வது? எழுதினது எழுதினதுதான் என்பாள்.

இந்த வருஷம் தைப்பூசக் கூட்டம் வடிந்ததும் கடையைப் புருஷன் தங்கமுத்துவிடம் விட்டுவிட்டு, மகள் லாவண்யாவைப் பார்க்கக் கொடைக்கானல் கிளம்பினாள். நாயுடுபுரத்தில் வீடு. மாப்பிள்ளை ஆனந்த் சுற்றுலாக்காரர்களுக்கு வேன் ஓட்டுகிறான். நல்ல பிள்ளைதான், ஆனால் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் என்பது அன்னக்கொடியின் கட்சி. தெருமுனைக் கடைக்குப் போவதற்குக்கூட பெல்ட் போடச் சொல்லுவான். கட்டை விரல் நகம் பெயர்ந்தாலும் ஆஸ்பத்திரி என்பான். "என் மகளுக்குப் பாத்துப் பாத்து ஒரு பயந்தாங்கொள்ளியைப் புடிச்சேன்" என்று அடிவாரத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க ஒரு பை நிறையப் பஞ்சாமிர்த டப்பா எடுத்துப் போயிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஏறும் மேட்டில் பாதி தூரம் வந்தபோது மூச்சு வாங்கியது. மலை ஏறினால் மூச்சு வாங்கத்தானே செய்யும் என்று நின்று நின்று ஏறினாள். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தும் அடங்கவில்லை. தாடை கடுத்தது. வயிற்றுக்கு மேலே என்னவோ அடைத்த மாதிரி இருந்தது. வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"கேஸ்டி லாவண்யா. பழனி பஸ் ஸ்டாண்டுல தின்ன பரோட்டா வேலையக் காட்டுது. ஒரு சோடா இருந்தா குடு, ஏப்பம் வந்தாச் சரியாப் போகும்."

வெளியே வேனைத் துடைத்துக்கொண்டிருந்த ஆனந்த் உள்ளே வந்து மாமியார் முகத்தைப் பார்த்தான். ஊரே ஸ்வெட்டருக்குள் சுருண்டு கிடக்கிற குளிர். அன்னக்கொடியின் ரவிக்கை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது.

"அத்தை, இந்தக் குளிர்ல உங்களுக்கு ஏன் வேர்க்குது?"

"மேடு ஏறி வந்தவளுக்கு வேர்க்காதா மாப்ள?"

"வந்து இம்புட்டு நேரம் ஆச்சே. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு ஈசிஜி எடுத்துட்டு வந்துருவோம்."

"ஆரம்பிச்சுட்டாரு! ஏங்க மாப்ள, நெஞ்சு வலின்னா என் அப்பனுக்கு வந்த மாதிரி நெஞ்சப் புடிச்சுக்கிட்டுல்ல விழணும்? நான் சிவனேன்னு உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன்."

வழக்கமாக மாமியார் குரலை உயர்த்தினால் ஆனந்த் பேசாமல் ஒதுங்கிவிடுவான். அன்றைக்கு ஒதுங்கவில்லை. அவள் செருப்பை எடுத்துக் காலடியில் போட்டுவிட்டு, "சண்டைய வேன்ல போட்டுக்கலாம், வெரசா வாங்க" என்றான். மாப்பிள்ளை தன் செருப்பைத் தொட்டுவிட்டானே என்ற கூச்சத்தில்தான் அன்னக்கொடி எழுந்தாள். இல்லாவிட்டால் எழுந்திருக்கமாட்டாள். இதை அவளே பிற்பாடு பலரிடம் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி காகிதம் வெளியே வந்ததுமே அங்கிருந்தவர்களின் பேச்சு சுருங்கி நடை வேகமானது. ஒரு மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். ஹார்ட் அட்டாக் என்றார்கள். ஊசி கேட்டிருக்கிறது, இனி மதுரைக்குப் போய்க் குழாய்களைப் பார்த்தாக வேண்டும் என்று ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். லாவண்யா அழுத அழுகையில் அன்னக்கொடிதான் அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

மலைப்பாதை வளைவுகளில் வண்டி இறங்கியபோது அவளுக்குத் தன்னைப் பற்றிய நினைப்பு ஒன்றே ஒன்றுதான். எத்தனை? ஒன்றா, மூன்றுமா? அண்ணன் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. கூட உட்கார்ந்திருந்த ஆனந்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். பயந்தாங்கொள்ளியின் கை நடுங்காமல் இருந்தது.

மதுரையில் டாக்டர் சுசித்ரா என்று ஒரு பெண். லாவண்யாவை விடக் கொஞ்சம் மூத்தவளாக இருக்கலாம். கட்டில் ஓரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டாள். பழனியிலிருந்து தங்கமுத்துவும் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்திருந்தார்.

"வலியே இல்லையாம்மா?"

"தாடை கடுத்துச்சு. வேர்த்துச்சு. அம்புட்டுத்தான் டாக்டரம்மா."

"பல வருஷம் சர்க்கரை இருந்தா நரம்பு மரத்துப் போய் சிலருக்கு வலி தெரியாது. பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி தாடையில, முதுகுல, வெறும் மூச்சு வாங்கலா வர்றதும் உண்டு. கேஸ்னு நெனச்சு வீட்லயே இருந்துர்றாங்க. நீங்க சீக்கிரம் வந்தீங்க, அதுவே பெரிய விஷயம்."

அன்னக்கொடி மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் மேலும் கேட்டாள். வீட்டில் யாருக்காவது? அப்பா, அண்ணன். புகையிலை? வெற்றிலைகூடப் போடமாட்டாள். வீட்டில் பீடி சிகரெட்? தங்கமுத்துவுக்கு அந்த வாடையே ஆகாது. பிரஷர்? கொஞ்சம் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறாள். கொழுப்பு பார்த்ததுண்டா? இல்லை, பயம்.

"இனிப்பு?"

"ஐயோ, தொடுறதே இல்லீங்க. முருகன் மேல சத்தியமா."

"காப்பிக்குக்கூடப் போடமாட்டா டாக்டர்" என்று தங்கமுத்துவும் சாட்சி சொன்னார்.

டாக்டர் சுசித்ரா ஒளிக்காமல் பேசினாள். சர்க்கரை ரொம்ப நாளாக இருந்து, கட்டுக்குள்ளும் வராமல், குடும்பத்திலும் இந்த வியாதி இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்பு இருப்பது சகஜம். சிலருக்கு மூன்றிலும் இருக்கும். அப்படி இருந்தால் ஆபரேஷன் பற்றி யோசிக்க வேண்டி வரும். பார்த்தால்தான் தெரியும் என்றாள். அன்னக்கொடிக்கு அதில் 'மூன்றிலும்' என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் ஆஞ்சியோ. மணிக்கட்டில் மரக்க ஊசி போட்டு, அது வழியாகவே மெல்லிய குழாயை அனுப்பினார்கள். அவளுக்கு நினைவு இருந்தது. பக்கத்தில் திரையில் அவள் இருதயம் துடித்தது. மருந்து பாயும்போது இலை நரம்பு மாதிரி கறுப்புக் கோடுகள் தெரிந்து மறைந்தன. அவள் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. பார்த்தாள், ஒன்றும் புரியவில்லை. கந்தசஷ்டியில் படிக்கிற வரிகள்கூட மறந்து போய் முருகா முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றாள் டாக்டர், முகக்கவசத்துக்குள்ளிருந்து. "ஒண்ணுதான்."

"என்னங்க?"

"ஒரு குழாயிலதான் பெரிய அடைப்பு. இப்பவே ஸ்டென்ட் வச்சுச் சரி பண்ணிரலாம். ரெண்டாவதுல பாதி அளவுக்கு இருக்கு, அதுக்கு மாத்திரை போதும். மூணாவது சுத்தமா இருக்கு. நெஞ்சைத் திறக்க வேணாம்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்னக்கொடி அழுதாள். படுத்த வாக்கில் கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் ஓடியது, துடைக்கக் கையை அசைக்கக் கூடாது என்றுவிட்டார்கள். தமிழ்மதி என்ற நர்ஸ் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். வெளியே செய்தி போனதும் தங்கமுத்து வராந்தாவிலேயே தரையில் உட்கார்ந்து, பழனி இருக்கும் திசை எது என்று போவோர் வருவோரை எல்லாம் கேட்டுக் கும்பிட்டாராம்.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் டாக்டர் சுசித்ராவுக்கு இடித்தது. மூன்று மாதச் சர்க்கரையின் அளவைக் காட்டும் பரிசோதனை ஒன்று உண்டு. அன்னக்கொடிக்கு அது தாறுமாறாக ஏறியிருந்தது. வார்டுக்கு மாற்றிய பிறகு வந்து அதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டாள். மாத்திரை விடுகிறீர்களா? விடுவதில்லை. பழச்சாறு? இல்லை. சோறு அளவுதான். பலகாரம்? அந்தப் பேச்சே இல்லை.

"அந்த ரெண்டாவது குழாய் பாதியோட நிக்கணும்னா சர்க்கரை இறங்கணும்மா. அது இப்படியே ஏறிக் கெடந்தா சுத்தமா இருக்கறதும் நாளைக்கு அடைக்கும். எதனால ஏறுதுன்னு எனக்குப் புரியலையே."

"எங்க வம்சமே அப்படித்தான் டாக்டரம்மா. ரத்தத்துல வந்தது" என்றாள் அன்னக்கொடி. வந்த நிம்மதி வந்த வழியே திரும்பிப் போவது போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து லாவண்யா பையோடு உள்ளே நுழைந்தாள். நாயுடுபுரத்தில் அப்படியே கிடந்த பஞ்சாமிர்த டப்பாக்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு வெறுங்கையோடு நன்றி சொல்ல முடியுமா என்று ஆனந்தை மலைக்கு அனுப்பி எடுத்து வரச் சொல்லியிருந்தாள்.

"டாக்டர், எங்க கடைப் பஞ்சாமிர்தம். நீங்களும் நர்ஸம்மாவும் எடுத்துக்கணும்."

"இருடி, அப்படியே தூக்கிக் குடுக்குற?" என்று அன்னக்கொடி கட்டிலில் நிமிர்ந்தாள். "வேன்ல குலுங்கி வந்தது. பொங்கியிருந்தா டாக்டரம்மா வயிறு என்னத்துக்கு ஆகும்?"

டப்பாவை வாங்கினாள். மூடியைத் திருகினாள். மோதிர விரலால் ஒரு வழி வழித்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். போதவில்லை போல, இன்னொரு வழி. "பழுதில்ல. ஏலக்காய்தான் ஒரு நுள்ளு கூடிப் போச்சு. குடு" என்று கண்ணைத் திறந்தாள்.

வார்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. தமிழ்மதி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றாள் டாக்டர் மிக மெதுவாக, "இப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பிடலீங்களே. ருசி பாத்தேன்."

"இது இனிப்பு இல்லையா?"

"இது பிரசாதம்ங்க. பஞ்சாமிர்தம். இதப் போயி இனிப்புங்குறீங்க?" அன்னக்கொடிக்கு உண்மையிலேயே கொஞ்சம் கோபம் வந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை ருசி பார்ப்பீங்க?"

அதை அவள் எண்ணியதே இல்லை. தங்கமுத்துதான் தொண்டையைச் செருமினார். "பிசையும்போது மூணு நாலு தடவை பாப்பா. அப்புறம் கடைக்கு வர்றவுக ஒவ்வொருத்தருக்கும் கையில வச்சுட்டு இவளும்... பூசம் சமயத்துல கூட்டம்னா கூட்டம்..." சொல்லிக்கொண்டே வந்தவருக்குத் தான் என்ன சொல்கிறோம் என்பது உறைத்தது. அப்படியே நிறுத்திவிட்டார்.

டாக்டர் சுசித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. லாவண்யாவும் சிரித்தாள், தமிழ்மதியும். கையும் களவுமாகப் பிடிபட்ட அன்னக்கொடி மட்டும் விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திருதிருவென்று முழித்தாள். அவள் பொய் சொல்லவே இல்லை. இத்தனை வருஷமும் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தாள். கரண்டி மட்டும் சத்தியத்துக்கு வெளியே இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் டப்பாவின் மூடியைத் திருகி மூடிக்கொண்டே அன்னக்கொடி கேட்டாள்.

"டாக்டரம்மா, எங்கப்பாவும் இதே கரண்டிதான். எங்கண்ணனும் இப்படித்தான். வர்றவுக கையில ஒண்ணு, தன் கையில ஒண்ணு. அப்ப அது ரத்தத்துல வந்தது இல்லையா?"

"ரெண்டும் இருக்கலாம்மா. ரத்தத்துல வந்ததும் இருக்கும், கரண்டியில வந்ததும் இருக்கும். உங்க அப்பாவையோ அண்ணனையோ நான் பார்க்கல, அதனால சொல்ல முடியாது. ரத்தத்தை நாம மாத்த முடியாது. கரண்டியைக் கீழ வைக்கலாம்ல?"

அன்னக்கொடிக்கு அந்தக் கணத்தில் வந்த நிம்மதி, மூணாவது குழாய் சுத்தம் என்று கேட்டபோது வந்ததை விடப் பெரியது. எழுதினது எழுதினது என்று இத்தனை காலமும் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்த கல்லில் பாதி, அவிழ்த்துப் போடக் கூடியதாக இருந்திருக்கிறது! அப்பாவை நினைத்து அழுகை வந்தது. அண்ணனை நினைத்து இன்னும் கூடுதலாக. ஆனாலும் அன்று சாயங்காலம் உப்பில்லாத இட்லியை நாலு விள்ளலில் முடித்துவிட்டு, இன்னும் ஒன்று இருக்கிறதா என்று கேட்டாள்.

பழனிக்குத் திரும்பியதும் முதல் காரியமாகத் தங்கமுத்துவை இழுத்துக்கொண்டு போய்ச் சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி எல்லாம் பார்க்க வைத்தாள். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் கரண்டி அவர் கைக்குப் போனது. அதுவும் காலையில் பிசையும்போது ஒரே ஒரு துளி. அதில்தான் புது வம்பு. எதை வாயில் வைத்தாலும் "நல்லாத்தான் இருக்கு" என்கிற மனுஷர் அவர். அன்னக்கொடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, புளிப்பு முன்னால் வருதா பின்னால் வருதா, நெய் நாக்குல நிக்குதா வழுக்குதா என்று போலீஸ் மாதிரி விசாரிப்பாள். பாவம், அவர் வெள்ளனே எழுந்து பல் தேய்க்கும்போதே பதிலை யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

கடைக்கு வருகிறவர்கள் கையில் மட்டும் இப்போதும் துளி உண்டு. தன் கையில் இல்லை. வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தாள். படுக்கவில்லை. "நீங்க சாப்பிடலையா?" என்று யாராவது கேட்டால், கடை முன்னாலேயே தாடை கடுத்த கதையில் ஆரம்பித்து, மாப்பிள்ளை செருப்பை எடுத்துப் போட்டது வரை சொல்லிவிடுவாள். "பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேன், என் உசுரக் குடுத்ததே அந்தப் பயம்தான்" என்று முடிப்பாள். கதை கேட்டவர்கள் இரண்டு டப்பா சேர்த்தே வாங்கினார்கள். சிலர் தங்கள் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மூன்று மாதம் கழித்து மதுரையில் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை மளமளவென்று இறங்கியிருந்தது. டாக்டர் சுசித்ரா முதலில் அவள் விரல்களைத்தான் வாங்கிப் பார்த்தாள். "நக்கினதுக்கு அடையாளம் எதுவும் தெரியலையே" என்றாள். அன்னக்கொடி அசடு வழியச் சிரித்தாள்.

வைகாசி விசாகத்துக்கு லாவண்யா உதவிக்கு வந்திருந்தாள். காவடி எடுத்து வந்த ஒரு கூட்டம் கடையை மொய்த்தது. முன்னால் நின்ற அம்மாள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லா இருக்குமா?" என்று கேட்டாள். லாவண்யா சிறுவயது முதல் பார்த்த பழக்கத்தில் கரண்டியை எடுத்தாள். அந்த அம்மாளின் உள்ளங்கையில் ஒரு துளி வைத்தாள். அதே சூட்டோடு தன் உள்ளங்கையையும் விரித்தாள்.

கல்லாவில் இருந்த அன்னக்கொடி எட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, எனக்குச் சர்க்கரையா இருக்கு? ஒரு துளிதான்."

"உன் தாத்தனும் அதத்தான் சொல்லியிருப்பாரு. குடு இங்க."

கரண்டியை வாங்கி டப்பாவுக்குள் போட்டாள். மகளின் விரித்த கை அப்படியே நின்றது. அதை மெல்ல மடக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, காவடிக்கார அம்மாளைப் பார்த்து, "நீங்க சாப்பிட்டுச் சொல்லுங்க தாயி, நல்லா இருக்கான்னு" என்றாள். அந்த அம்மாள் துளியை நாக்கில் வைத்து, கண்ணை மூடித் திறந்து, நாலு டப்பா கட்டச் சொன்னாள்.